ஆறடிக்கு நாலடி போர்க்களம்

நகரமைப்பு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வரைவாளராக இருந்த ஒருவருக்கு நாற்பத்தாறாவது வயதில் போர் செய்யும் ஆசை வந்தது. ஆள் சண்டைக்காரர் அல்ல. பேருந்தில் யாராவது காலை மிதித்துவிட்டால், மிதித்தவரிடம் இவரே மன்னிப்புக் கேட்டுவிடுவார். ஆனால் மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, அளவுநாடாவால் தூரம் அளந்து, எதிராளியின் பாலத்தைப் பிடிக்கிற விளையாட்டு ஒன்று இருக்கிறது என்று மச்சான் சொன்ன நாளிலிருந்து அவருக்கு வேறெதிலும் மனம் ஒட்டவில்லை.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். பல்செட் செய்யும் கூடம் வைத்திருந்தார். இருவருக்கும் ஒரே வயது என்பதால் வா, போ என்றுதான் பேச்சு. நூற்று நாற்பது பக்க விதிப்புத்தகத்தை அச்செடுத்து ஆளுக்கொன்றாகத் தைத்து வைத்துக்கொண்டார்கள். நீலப்படை வரைவாளருக்கு, சிவப்புப்படை மச்சானுக்கு. கட்டைவிரல் உயர வீரர்களுக்குச் சட்டைப் பித்தான்வரை வர்ணம் தீட்டி முடிக்க மூன்று மாதம் ஆனது. படைகள் தயார். அவை நிற்பதற்குத்தான் பூமி இல்லை.

"களம் சரியா அமையலேன்னா போருக்கே மரியாதை இல்ல மாப்ள," என்றார் மச்சான்.

அன்றோடு சாப்பாட்டு மேஜை பறிபோனது. இரண்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகைகள் மூன்று. ஒவ்வொன்றின்மேலும் இரண்டங்குலத் தெர்மாகோல். மூன்றையும் சேர்த்தால் ஆறடிக்கு நாலடி உலகம். பிரித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். அப்படித்தான் மனைவியிடம் சொல்லப்பட்டது. சொன்ன நாளிலிருந்து ஐந்து மாதம் அது கட்டிலுக்கடியில் போகவில்லை. கணவனும் மனைவியும் தட்டைக் கையில் ஏந்தி சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

முதலில் ஆறு வேண்டும். கற்பனையாக ஓர் ஆறு வரைய வரைவாளர் பென்சிலை எடுத்தார். இருபத்திரண்டு வருடம் ஒரே ஊரின் வரைபடத்தை வரைந்த கை, அந்த ஊரின் ஆற்றையே வரைந்து வைத்தது. அதே வளைவு, வளைவுக்குள் அதே நாலு தெரு, அதே பாலம். அழித்து மறுபடி வரைந்தார். மறுபடியும் அதே ஆறு வந்தது. சரி, தண்ணீர் தண்ணீர்தானே என்று விட்டுவிட்டார்.

மலைக்குப் பொறுப்பு மச்சான். பல் அச்சு எடுத்து மிச்சமான பிளாஸ்டரும், உடைந்துபோன அச்சுகளும் அவரிடம் மூட்டைமூட்டையாகக் கிடந்தன. அதையெல்லாம் அடுக்கி, பிளாஸ்டர் ஊற்றிப் பூசி, சாம்பல் வர்ணம் அடித்தார். தூரத்திலிருந்து பார்த்தால் அபாரமான பாறைக்குன்று. கிட்டப் போனால் கடைவாய்ப் பற்கள் தெரிந்தன.

மண்ணுக்கு, வடிகட்டிய தேயிலைச் சக்கையைச் செய்தித்தாளில் பரப்பி மொட்டைமாடியில் காயவைத்தார்கள். புல்லுக்கு, மரத்தூளைப் பச்சைச் சாயத்தில் ஊறவைத்தார்கள். மருந்தகத்தில் வேலை பார்க்கும் மனைவி ஒருநாள் வீடு திரும்பி, சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார்.

"பாத்திரம் தேய்க்க வெச்சிருந்த பச்சை நார் எங்க?"

"காடாயிடுச்சு," என்றார் வரைவாளர்.

"ஒரு டஜன் வாங்கி வெச்சேனே!"

"அடர்ந்த காடும்மா," என்றார் மச்சான், தங்கைக்குப் புரியும்படி.

பள்ளங்கள் மட்டும் திட்டத்தில் இல்லாதவை. தரைக்கு ஒரே சீராக நிறம் வரட்டும் என்று மச்சான் ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைக் கொண்டுவந்து அடித்தார். தெர்மாகோல் சூடான தோசைக்கல்லில் விழுந்த வெண்ணெய்போல உருகி உள்ளே போனது. புல் ஒட்டப் பூசிய பசை சரியாக மூடாத ஐந்து இடங்களில் ஐந்து ஓட்டைகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். வரைவாளருக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் சிறிது நேரம் மோவாயைத் தடவினார்.

"குண்டு விழுந்த இடம் இப்படித்தான் மாப்ள இருக்கும். அறுபத்தோராம் பக்கம் பாரு. பள்ளத்துல பதுங்கினவனுக்குப் பாதிப் பாதுகாப்பு."

ஓரங்களில் கரி பூசினார்கள். வேண்டுமென்றே செய்ததுபோல ஆகிவிட்டது. அதற்குப்பின் மருந்து அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒன்பது வீடுகள் கட்டினார்கள்; அவற்றில் நாலை இடித்தார்கள். மெல்லிய கம்பியில் முள்வேலி, ஐஸ்க்ரீம் குச்சியில் பாலம். பாலத்தின் நடுவே பொறியாளர் படை வெடி வைத்ததுபோல ஓர் உடைப்பு. ஆற்றுக்கு வார்னிஷ் ஏழு பூச்சு, நாலு மணி நேரத்துக்கு ஒன்று. அதற்காக வரைவாளர் அலுவலகத்துக்கு வயிற்றுக்கோளாறு என்று எழுதிக் கொடுத்து இரண்டு நாள் விடுப்பு எடுத்தார்.

இரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு அழைப்புமணி அடித்தது. ஐந்தாம் பூச்சுக்குத் தோய்த்த தூரிகையோடு கதவைத் திறந்தார். வாசலில் அவருடைய மேலதிகாரி நின்றார்.

மேலதிகாரி எந்த விஷயத்துக்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி அறியாதவர். எதைக் கேட்டாலும் "தயாராகிட்டிருக்கு" என்பார். அந்த ஒரே சொல்லை வைத்து மூன்று பதவி உயர்வு பார்த்தவர். வரைபட அலமாரியின் சாவி வரைவாளரின் சட்டைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டதால், அதை வாங்கிப்போக வந்திருந்தார்.

"வயித்துக்கு எப்படி இருக்கு?"

"இப்ப பரவால்ல சார்," என்ற வரைவாளர் தூரிகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வார்னிஷ் கால்சட்டையில் சொட்டியது.

மேலதிகாரி உள்ளே வந்தார். மேஜையைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று சுற்று சுற்றினார். வரைவாளர் மனதுக்குள் விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கி, நாலாவது வரிக்கு வந்திருந்தார்.

"இது நம்ம ஆறுதானே?"

"ஆமா சார். கை அப்படியே போயிடுச்சு."

"நல்லா போயிருக்கு." மேலதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் பல மாதங்களாக இல்லாத தெளிவு வந்தது. "வர்ற வியாழக்கிழமை இயக்குநர் மேடம் வராங்க. ஆத்தங்கரைத் திட்டத்தோட மாதிரியைக் காட்டச் சொல்றாங்க. பதினாலு மாசமா தயாராகிட்டிருக்குன்னு அறிக்கை அனுப்பிட்டிருக்கேன்."

"எங்க சார் தயாராகுது?"

"இங்கதான்."

வரைவாளருக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. "சார், இது போர்க்களம்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சார். செஞ்சவன்."

"நீங்க வயித்துவலியில படுத்திருக்கீங்க. விடுப்புக் கடிதம் என் மேஜைமேல இருக்கு. படுத்திருக்கறவர் எப்படிச் செய்ய முடியும்? இதை அலுவலகம் செஞ்சிருக்கு."

செவ்வாய்க்கிழமை வேன் வந்தது. மச்சானுக்குச் செய்தி போனதும் பிளாஸ்டர் படிந்த கையோடு ஓடிவந்தார்.

"என் மலையையா தூக்கிட்டுப் போறாங்க? நீ பாத்துட்டு நின்னியா?"

"ரெண்டு நாள்தான் மச்சான். அந்தம்மா பாத்துட்டுப் போனதும் திரும்ப வந்துடும்."

மச்சான் முணுமுணுத்தபடி இரு படைகளையும் களத்திலிருந்து பொறுக்கி பிஸ்கட் டின்களில் அடுக்கினார். நீலப்படை முழுசாக இருந்தது. சிவப்புப்படை அறுபத்தெட்டில் ஒருவன் குறைந்தான். சோபாவுக்கடியில் தேடினார்கள், திரைச்சீலை மடிப்பில் தேடினார்கள். வேன்காரர் ஹாரன் அடித்ததால் தேடலை விட்டுவிட்டார்கள்.

வியாழக்கிழமை இயக்குநர் வந்தார். மெலிந்த, கண்ணாடி போட்ட அம்மா. எதையும் ஒருதரம் குனிந்து பார்ப்பவர் என்று பெயர் வாங்கியிருந்ததால், கீழுள்ள எல்லா அலுவலகங்களும் அவரைக் கண்டு நடுங்கின. கூட்ட அறையில் மாதிரிக்கு மேலே விளக்குப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் கைகட்டி வரைவாளர் நின்றார். மேலதிகாரி ஒரு நீளக் குச்சியால் விளக்கினார்.

"இந்தப் பள்ளமெல்லாம் என்ன?"

"மழைநீர் சேகரிப்புக் குளம் மேடம். மொத்தம் அஞ்சு."

"கட்டடம் இடிஞ்சிருக்கே?"

"பழைமையைப் பாதுகாக்கற பகுதி மேடம். அப்படியே விட்டுடறோம்."

"முள்வேலி?"

"ஆடு மாடு ஆத்துல இறங்காம இருக்க."

"பாலம் நடுவுல இல்லையே?"

மேலதிகாரி கண் சிமிட்டாமல் சொன்னார். "அது ரெண்டாம் கட்டம் மேடம்."

இயக்குநர் தலையசைத்தார். மலையை அவர் வெகுநேரம் பார்த்தபோது வரைவாளர் தன் கடைவாய்ப் பற்களைக் கடித்துக்கொண்டார். மலையைத் தாண்டி, காட்டோரப் புதருக்குமேல் அவர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் குனிந்தார்.

"இங்க ஒருத்தர் படுத்திருக்காரே, யாரு?"

சிவப்புப்படையின் அறுபத்தெட்டாவது ஆள். குப்புறப் படுத்து, துப்பாக்கியைத் தோளில் ஊன்றி, ஒரு கண்ணை மூடிக் குறிபார்த்துக்கொண்டிருந்தான். மேலதிகாரியின் குச்சி அந்தரத்தில் நின்றது. தயாராகிட்டிருக்கு என்ற சொல்கூட அந்த நேரத்தில் அவருக்கு உதவவில்லை.

"நில அளவையாளர், மேடம்," என்றது ஒரு குரல். தன் குரல்தான் என்பது வரைவாளருக்குச் சொன்னபிறகுதான் தெரிந்தது. "படுத்து மட்டம் பாக்கறார்."

இயக்குநர் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு.

"எத்தனையோ திட்ட மாதிரி பாத்திருக்கேன். ஊழியர் வேலை செய்யறதை இதுலதான் முதல்முறையா பாக்கறேன். இதை மக்கள் பார்க்கணும். முன்கூடத்துல வைங்க. மூணு மாசம் இருக்கட்டும். ஆட்சேபனை இருந்தா எழுதிக் கொடுக்கட்டும்."

அப்படியாக, ஒரு குண்டுகூட வெடிக்காத போர்க்களம் கண்ணாடிப்பெட்டிக்குள் போனது. "ஆற்றங்கரை மேம்பாட்டுத் திட்டம்: மாதிரி" என்று பித்தளைப் பலகையும் மாட்டினார்கள். மச்சான் ஒருநாள் பொதுமக்களில் ஒருவராக வந்து, தன் மலையைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"நம்ம ஆளு புதர்லயே கிடக்கறான் மாப்ள. சிறைபிடிச்ச மாதிரி இருக்கு," என்றார் கம்மிய குரலில்.

முதல் பத்து நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினோராம் நாள் தையல்கடைக்காரம்மா ஒருவர் வேறு ஏதோ சான்றிதழ் வாங்க வந்து வரிசையில் நின்றார். கால் வலிக்கவே, கண்ணாடிப்பெட்டியில் சாய்ந்தார். சாய்ந்தவர் உள்ளே பார்த்தார். ஆற்றின் வளைவிலிருந்து விரலால் கோடு இழுத்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"சார், இது ரெண்டாவது தெருதானே? இங்கதான் என் கடை. இங்க பள்ளமா இருக்கே?"

கூடத்தைக் கடந்துபோன வரைவாளர் மாட்டிக்கொண்டார். "அது... குளம்மா."

"என் கடைய இடிச்சுட்டுக் குளம் வெட்டப்போறீங்களா? பதினேழு வருஷமா அங்க தைக்கறேன். யாரைக் கேட்டு வெட்டறீங்க?"

இவருக்குப் பதில் தெரியும். மச்சானின் ஸ்ப்ரே டப்பாவைக் கேட்டு. அதைச் சொல்ல முடியவில்லை. ஆட்சேபனை மனு கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறித் தப்பினார். ஆனால் அந்த அம்மா மனுவை எழுதி, அடித்து, மறுபடி எழுதியது மேலிருந்தே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, "உண்மையச் சொல்லிடுங்க. விளையாட்டுச் சாமான்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?" என்றார்.

"சொன்னா வேலை போயிடும்."

"போகாது. அசிங்கம்தான் வரும்," என்றார் மனைவி. அது இவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

மச்சான் வேறு வழி சொன்னார். "பள்ளத்தை மூடு மாப்ள. ஒரு கிலோ பிளாஸ்டர் போதும். அந்தம்மா கடையை அங்கயே வெச்சிடு."

மறுநாள் மதிய உணவு வேளையில் வரைவாளர் கண்ணாடிப்பெட்டியைத் திறந்தார். பள்ளத்தை நிரப்பி, மேலே தேயிலைச் சக்கை தூவி, சின்ன அட்டைக் கடை ஒன்றை நட்டார். வாசலில் ஒரு தையல் மெஷின், நகத்தளவு. தையல்கடைக்காரம்மா மறுவாரம் வந்து பார்த்தார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "கதவு பச்சை நிறம், சார்," என்று மட்டும் சொன்னார். வரைவாளர் ஓடிப்போய்ப் பச்சை அடித்தார்.

அந்த அம்மாவின் கடைக்கு ஊரே சட்டை தைக்க வரும். ஒரே வாரத்தில் நகரமைப்பு அலுவலகத்தின் வாசலில் வரிசை நின்றது. மாதிரியில் வீடு இருந்தால் இடிக்கமாட்டார்கள், இல்லாவிட்டால் இடித்துவிடுவார்கள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடையை வைத்தபிறகு, கண்ணாடி கிழக்குப்பக்கம் இருக்க வேண்டும் என்றார். ஒரு அண்ணனும் தம்பியும் நடுச்சுவர் தகராறை அங்கேயே கொண்டுவந்தார்கள். அண்ணன் சுவரை மயிரிழை இடப்பக்கம் தள்ளச் சொன்னார், தம்பி வலப்பக்கம். இன்னொருவர் இன்னும் கட்டாத மாடியைக் கட்டித்தரச் சொல்லிவிட்டு, "எப்படியும் கட்டத்தானே போறேன்," என்றார். சாலை அகலப்படுத்தியபோது வெட்டிப்போட்ட தன் வாசல் மரத்தை வைக்க முடியுமா என்று கேட்டார் ஓர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்கு வரைவாளர் வீட்டிலிருந்த கடைசிப் பச்சை நாரில் மரம் செய்து கொடுத்தார். மனைவி அதை மட்டும் கேட்கவில்லை.

மேலதிகாரிக்கு இதெல்லாம் தலைவலியாகத் தெரியவில்லை. வரிசை என்றால் நிர்வாகம், நிர்வாகம் என்றால் படிவம். "மாதிரித் திருத்த விண்ணப்பம்" என்று ஒரு படிவம் அச்சானது, மூன்று பிரதி. மாதிரிப் பிரிவு என்று ஒரு மேஜை போடப்பட்டது. அதன் பொறுப்பு வரைவாளருக்கு. நிஜ வீட்டுக்கு வரைபட அனுமதி கேட்டு வந்தவர்கள் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அட்டை வீட்டுக்கு அன்றைக்கே அனுமதி கிடைத்தது. ஒன்பது வீடாக இருந்த களத்தில் இரண்டு மாதத்தில் நூற்றுப் பதிமூன்று வீடு முளைத்தது. பக்கத்து ஊர் அதிகாரிகள் குறிப்பேட்டோடு வந்து பார்த்துப் போனார்கள்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. மாதிரி பொதுமக்களின் ஒப்புதலைப் பெற்றுவிட்டதாலும், அதில் ஒரு குளம் மக்கள் கோரிக்கைப்படி கைவிடப்பட்டதாலும், மீதமுள்ள நான்கு குளங்களை மாதிரியில் கண்ட இடங்களில், மாதிரியில் கண்ட வடிவத்தில் வெட்டும் பணி அடுத்த மாதமே தொடங்கும்.

வரைவாளர் ஆணையை மூன்றுமுறை படித்தார். மாதிரியில் கண்ட வடிவம் என்றால், மச்சானின் டப்பா சீறிய வடிவம். ஒன்றாம் குளம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், இரண்டாவது யாரோ ஒருவரின் காய்கறித் தோட்டத்தில். வீடு வந்து சோபாவில் தட்டோடு உட்கார்ந்தவர் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. மனைவி தட்டை வாங்கி வைத்துவிட்டுத் தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தார்.

"எழுதுங்க. நான் பக்கத்துல உட்காந்திருக்கேன்."

எழுதினார். ஐயா அல்லது அம்மா, மேற்படி மாதிரி ஒரு மேஜை விளையாட்டுக்காக என்னாலும் என் மைத்துனராலும் செய்யப்பட்டது. குளங்கள் குளங்கள் அல்ல. ஸ்ப்ரே பெயின்ட் பட்டு உருகிய ஓட்டைகள். மலையில் இருப்பவை பற்கள். நில அளவையாளர் ஒரு சிப்பாய். கீழே முழுப் பதவியோடு கையெழுத்துப் போட்டு, மறுநாள் காலை இயக்குநருக்குத் தபாலில் சேர்த்தார். இனி வருவது வரட்டும் என்று, மேஜை இழுப்பறையிலிருந்த சொந்தப் பேனாக்களை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டார்.

எட்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. பிரித்தால், அவருடைய கடிதமேதான். மூலையில் முத்திரை: "மாதிரி சம்பந்தமான மனு. உரிய குறிப்புரைக்காக மாதிரிப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது."

மாதிரிப் பிரிவு என்றால் இவர்தான். தன் கடிதத்தைத் தானே கவனமாகப் பரிசீலித்தார். பிறகு கீழே எழுதினார்: "மனுதாரர் கூறுவது முற்றிலும் உண்மை." மேலொப்பத்துக்காக மேலதிகாரியிடம் எடுத்துப்போனார்.

மேலதிகாரி படித்துவிட்டு எழுந்து அறைக்கதவைச் சாத்தினார்.

"உங்களுக்கு என்ன ஆச்சு? நாலு குளம்தானே, வெட்டிட்டுப் போறாங்க. மழை பெய்ஞ்சா தண்ணி நிக்கும். யாருக்கு நஷ்டம்?"

"பள்ளிக்கூட மைதானம் போகுது சார். ஒருத்தரோட தோட்டம் போகுது."

"அவங்க விண்ணப்பம் கொடுக்கலையே? மத்த ரெண்டும் எங்க வருது?"

வரைவாளர் வரைபடத்தை விரித்தார். "நாலாவது, சுடுகாட்டுக்குப் பின்னாடி. மூணாவது இங்க சார். மேற்குக்கரையில, புதுசா ஒரு மாடிவீடு இருக்கே, சாம்பல் கேட் போட்டு."

மேலதிகாரி வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வீடு அவர் மனைவி பெயரில் இருந்தது. ஆற்றங்கரையில் கட்டக்கூடாத தூரத்தில் கட்டியது என்பதால், அலுவலக வரைபடத்தில் அந்த மூலையைப் பார்க்காமலே பழகியிருந்தார். இப்போது அதன்மேல் விரலை வைத்தார்.

"இந்த மூணாம் குளத்தைக் கொஞ்சம் தள்ளி வெட்ட முடியாதா?"

"மாதிரியில கண்ட இடத்துலன்னு ஆணை சார்."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா, இது ஓட்டைன்னு?"

"வயித்துவலியில படுத்திருந்தேன் சார்."

மேலதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் இந்த ஆள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. வரைவாளரும் கேட்டதில்லை. அவருக்குக் காது சூடாகிவிட்டது. மேலதிகாரி பேனாவைத் திறந்து, "மனுதாரர் கூற்றை வன்மையாக ஆதரிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த அலுவலகத்தில் ஒரு கோப்பு அவ்வளவு வேகமாக நகர்ந்தது அன்றைக்குத்தான்.

தலைமை அலுவலகத்தில் யாரும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தொழில்நுட்பக் காரணங்களால் மாதிரி திரும்பப் பெறப்படுகிறது, குளம் வெட்டும் பணி நிறுத்தப்படுகிறது, புதிய மாதிரி தயாரிக்கப்படும் என்று மூன்று வரி வந்தது. மேலதிகாரி மாதிரித் தயாரிப்பில் அனுபவம் உள்ளவர் என்று தலைமை அலுவலகத்துக்கே உயர்த்தப்பட்டார். சொந்த உபயோகப் பொருளை அனுமதியின்றி அலுவலக வளாகத்தில் மூன்று மாதம் வைத்திருந்ததற்காக வரைவாளருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் மனைவியிடம் காட்டினார்.

"இவ்வளவுதானா?" என்றார் மனைவி.

"இவ்வளவுதான்."

"இதுக்கா மூணு மாசம் தூங்காம புரண்டீங்க?"

தையல்கடைக்காரம்மாவிடம் போய் நேரிலேயே சொன்னார். விளையாட்டுச் சாமான் என்றும், யாரும் எதையும் இடிக்கப்போவதில்லை என்றும். அந்த அம்மா மெஷினை நிறுத்தாமல் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார், திட்டினார். திட்டி முடித்தபிறகு, "கடையை மட்டும் பிய்ச்சுடாதீங்க சார். நல்லா இருந்துச்சு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, தொடங்கிப் பதினொன்றாம் மாதத்தில், களம் மறுபடி சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. மச்சான் புது பேட்டரி போட்ட விளக்கோடு வந்தார். புதரிலிருந்த ஆளை எடுத்து ஊதித் துடைத்து முத்தமிட்டார். பீரங்கியை மலையுச்சியில், இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பொருத்தினார். பகடையைக் கையில் குலுக்கிக்கொண்டே குறிபார்த்தார்.

"முதல் குண்டு, பாலத்துக்கு இந்தப்பக்கம் இருக்கற பச்சைக் கதவுக் கட்டடம்."

"அங்க வேணாம் மச்சான்."

"ஏன்?"

"தையல்கடை."

மச்சான் பீரங்கியை இடப்பக்கம் திருப்பினார். "சரி, இது?"

"முடிதிருத்தற கடை. ஞாயித்துக்கிழமை கூட்டமா இருக்கும்."

"அதுக்குப் பின்னாடி?"

"அண்ணன் தம்பி வீடு. அந்தச் சுவத்துல ஒரு கீறல் விழுந்தா ரெண்டு பேரும் சேந்துக்குவாங்க."

"இந்த மரம்?"

வரைவாளர் மரத்துக்கு முன்னால் கையை வைத்து மறைத்துக்கொண்டார்.

"யோவ், அட்டைப்பெட்டிய்யா!" மச்சான் கத்தியே விட்டார். "இருமல் மருந்துப் பெட்டி! எந்த ராணுவத்துல கேட்டுக் கேட்டுச் சுடறான்? அப்ப நான் எங்கதான் சுடறது?"

அடுத்த அறையிலிருந்து மனைவி வந்தார். அண்ணனையும் கணவனையும் மாறிமாறிப் பார்த்தார். களத்தின் திருகுகளைக் கழற்றினார். மூன்று பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ச் சுவரோரம் பத்திரமாகச் சாய்த்தார். கட்டிலிலிருந்த பச்சைக் கம்பளியை உருவிவந்து மேஜைமேல் விரித்தார். அதன் அடியில் மருந்தகத்தின் தடித்த விலைப்பட்டியல் ஒன்று, தலையணை ஒன்று. குறுக்கே ஒரு நீல ரிப்பன்.

"மலை, மேடு, ஆறு," என்றார். "நாலு நிமிஷம் ஆச்சு. சுடுங்க."

மச்சான் மெல்லத் தன் படையைத் தலையணையின் சரிவில் இறக்கத் தொடங்கினார். வரைவாளர் ரிப்பனுக்கு இக்கரையில் நீலப்படையை நிறுத்தினார். பகடை உருண்டது. அளவுநாடா விரிந்தது. மூன்றாம் சுற்றில் வரைவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கத்தினார். அண்டை வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினார். நாலாம் சுற்றில் நீலப்படையின் வலப்பக்கம் சிதறியது. ஐந்தரை மணிக்கு, கம்பளி மடிப்பில் கால் இடறி விழுந்த தளபதியோடு, அவர் முழுசாகத் தோற்றார்.

"இன்னொரு ஆட்டம்," என்றார் மூச்சுவாங்க. "தலையணையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக்கலாமா?"

"தள்ளக் கூடாது," என்றார் மச்சான், சிவப்புப்படையை மறுபடி வரிசையில் நிறுத்தியபடி.